அலையாத்திக் காடுகள்: கணக்கில் இல்லாத மீன்கள்

புது தில்லி: அலையாத்திக் காடுகள் குறித்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பும்போது, மத்திய அரசு பெரும்பாலும் ஓர் அட்டவணையையே பதிலாக வைக்கிறது. மாநிலத்தின் பெயர், சதுர கிலோ மீட்டரில் பரப்பளவு, கூடியதா, குறைந்ததா என்ற விவரம். அந்த அட்டவணையில் மீனுக்கு இடமில்லை.

2023-ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கைப்படி நாட்டின் அலையாத்திப் பரப்பு 4,992 சதுர கி.மீ. முந்தைய 2021 கணக்கெடுப்பைவிட 7.43 சதுர கி.மீ. குறைவு. சிறிய இழப்பாகத் தோன்றலாம். ஆனால் இது கூட்டிக் கழித்துக் கிடைத்த எண். குஜராத்தில் மட்டும் 36.39 சதுர கி.மீ. குறைந்திருக்கிறது. ஆந்திரத்தில் 13.01, மகாராஷ்டிரத்தில் 12.39 சதுர கி.மீ. கூடியதால் தேசியக் கணக்கில் அது மறைந்துபோனது. கட்ச் வளைகுடாவில் படகின்றிச் சேற்றில் நடந்தே மீன்பிடிக்கும் பகடியா மீனவருக்கு, ஆந்திரக் கடலோரத்தில் கூடிய காட்டால் என்ன பயன்?

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. இளம் இறால்கள் ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, அங்கு வளர்ந்த பிறகே கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா மீன்களின் குஞ்சுகளும் இவ்வாறே உவர்நீரைத் தேடி வருகின்றன. சேற்று நண்டு முட்டைகளைச் சுமந்துகொண்டு கடலுக்குச் செல்கிறது; அதன் குஞ்சுகள் அலையாத்திச் சேற்றுக்கு வந்து சேர்கின்றன. நெருக்கமான வேர்களுக்கிடையே பெரிய மீன்கள் எளிதில் நுழைய முடியாது. உதிர்ந்த இலைகள் சேற்றில் மக்கி, நுண்ணுயிர்கள் வழியாகக் குஞ்சுகளுக்கு உணவாகின்றன. ஆழ்கடல் விசைப்படகில் ஏறும் இறாலில் கணிசமான பங்கு, ஒரு காலத்தில் ஏதோ ஒரு கழியில் ஒளிந்து வளர்ந்ததுதான்.

சட்டம் இதைப் பார்ப்பதில்லை. 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, சாலைப் பணிக்காக அலையாத்தி அழிக்கப்பட்டால் குறைந்தது மூன்று மடங்குப் பரப்பில் "வேறிடத்தில்" நட வேண்டும் என்கிறது. சிக்கல் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மும்பை-ஆமதாபாத் அதிவேக ரயில் பாதைக்காகச் சுமார் 22 ஆயிரம் அலையாத்தி மரங்களை வெட்ட 2022 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அனுமதி அளித்தது. தொடக்கத்தில் 53 ஆயிரத்துக்கும் மேல் இருந்த எண்ணிக்கையைக் குறைத்தது பாராட்டத்தக்கதே. ஆயினும் அந்தக் கழிகளில் வளரும் மீன்களைவிட மரங்களின் எண்ணிக்கையே பெரிதும் பேசப்பட்டது. கன்று மரமாகி, வேர் விரித்து, குஞ்சுகளுக்குப் புகலிடமாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஓதநீர் வந்து போகும் வாய்க்கால் இல்லாத இடத்தில் நட்டால் அதுவும் நடக்காது. சிப்பி பொறுக்கும் சேற்றுத் திட்டில் நட்டாலோ, இன்னொருவர் பிழைப்பும் போகும்.

தில்லியில் காடு ஓர் அமைச்சகத்திடம், மீன் வேறோர் அமைச்சகத்திடம். 2020-இல் ரூ. 20,050 கோடி மதிப்பில் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் அறிவிக்கப்பட்டது. அலையாத்தி வளர்ப்புக்கான 'மிஷ்டி' திட்டம் 2023 பட்ஜெட்டில் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 540 சதுர கி.மீ. என்பது இலக்கு. எத்தனை ஹெக்டேர் நடப்பட்டது என்று கேட்கும் உறுப்பினர்கள், அங்கு மீன் திரும்பியதா என்றும் கேட்க வேண்டும்.

அலையாத்தியை அழிக்க அனுமதி கோரும் ஒவ்வொரு திட்டமும், அந்தக் கழியில் எவ்வகை மீன்கள் வளர்கின்றன, எத்தனை குடும்பங்கள் அதை நம்பியுள்ளன என்பதை முன்கூட்டியே தெரிவிக்கச் செய்ய வேண்டும். ஈடு செய்யும் நடவும் அதே கழிமுகப் பகுதிக்குள் அமைய வேண்டும். இதையெல்லாம் கணக்கிட முடியாது என்று அதிகாரிகள் சொல்ல இயலாது. மும்பையை அடுத்த உரண் பகுதியில் துறைமுகப் பணிகளால் பிழைப்பை இழந்த 1,630 மீனவக் குடும்பங்களுக்குச் சுமார் ரூ. 95 கோடி இழப்பீடு வழங்க 2015 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு, மீன்பிடிப்பு அழிந்த பிறகு போடப்பட்டது.