முடிச்சு எந்தப் பக்கம் போட்டால் என்ன?

மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்குப் போய் இரண்டரை மாதம் இருந்துவிட்டு வந்தேன். செப்டம்பர் கடைசியில் அங்கே 'அக்டோபர்ஃபெஸ்ட்' என்ற பீர் திருவிழா. பீர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள் தோழியரே, நான் குடித்தது ஆப்பிள் ஜூஸ்தான்!

1810-ல் பவேரியா இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் நடந்த கல்யாணத்தையொட்டி, குதிரைப் பந்தயம் வைத்ததில் ஆரம்பித்த விழாவாம். மைதானத்துக்கு இன்றும் மணப்பெண்ணின் பெயர்தான். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பெண்கள் உடுத்துவது 'டிர்ண்டல்'. வெள்ளை ரவிக்கை, அதன்மேல் இறுக்கிப் பிடிக்கிற கையில்லாத மேலுடுப்பு, கொசுவம் வைத்த பாவாடை, முன்னால் ஓர் ஏப்ரன். ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்கள் போட்ட உடைதான். கோடைக்கு மலைப்பக்கம் போன பட்டணத்துச் சீமாட்டிகள் அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தங்களுக்கும் தைத்துக்கொண்டார்கள்.

என் மனத்தாங்கல் அந்த ஏப்ரன் முடிச்சில்தான். இடப்பக்கம் முடிந்தால் கல்யாணமாகாதவள், வலப்பக்கம் என்றால் ஆனவள், முதுகுப்பக்கம் என்றால் விதவை என்கிறார்கள். ஆண்களின் தோல் கால்சட்டைக்கு இப்படி ஒரு கணக்கும் கிடையாது! குடித்தவர்கள் தொல்லைக்காக 2003 முதல் பெண்களுக்கென்று தனி உதவி மையமே அங்கே இயங்குகிறது. அப்படிப்பட்ட கூட்டத்தில், 'நான் தனி ஆள்' என்று ஒரு பெண் ஏன் இடுப்பில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

விதவை விஷயத்தை மகள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அவர் போய் ஏழு வருஷமாகிறது. கல்யாண வீடுகளில் யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். இங்கேயும் பின்னாலதானா என்று தோன்றியது.

பந்தலுக்குள் போனால், பரிமாறுகிற பெண்களுக்கும் முடிச்சு பின்னால்தான். நிறைந்த குவளை ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல். பத்துக் குவளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடக்கிறார்கள். நமக்கு ஒரு குடம் தூக்கினாலே மூச்சு வாங்குது!

எங்களோடு வந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரும் கணவரை இழந்தவர்தான். ஆனால் முடிச்சோ வலப்பக்கம்! ஏன் என்று மகளை விட்டுக் கேட்டேன். "எனக்குக் கை அந்தப் பக்கம்தான் எட்டுது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் இளவயதில் திருவிழாவுக்குப் பெரும்பாலும் சாதாரண உடுப்பில்தான் போவார்களாம். எல்லோரும் டிர்ண்டல் போடுவதே சமீப வழக்கம்தான் என்றார். அதற்குள் முடிச்சுக்குச் சட்டம் வந்துவிட்டது பாருங்கள்.

ஊர் திரும்பியதும் வந்த முதல் கல்யாணத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். நாத்தனார் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

— ஒரு வாசகி, திருச்சி.