மவுண்டன் பைக் ரேஸா? தாராளமா போங்க, ஆனா அமெச்சூராவே இருங்க!

வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆனதும் நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஆசை வரும். முன்னாடி அது புல்லட்டா இருந்துச்சு, அப்புறம் ஐஃபோன். இப்போ நிறைய பேருக்கு அது சைக்கிள். அதுலயும் முன்னாடி சஸ்பென்ஷன் ஃபோர்க், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், தடிச்ச டயர்னு இருக்கற மவுண்டன் பைக். லீவு நாள்ல கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிச்சாச்சுன்னா, அடுத்த கனவு இமாச்சல். ஹஸ்ட்பா அமைப்பு 2005ல ஆரம்பிச்ச எம்டிபி ஹிமாலயா மாதிரி, நாள் கணக்கா மலையிலயே ஓடற ரேஸ்.

ஆடிட்டர் ஆச்சே, வேண்டாம்னுதான் சொல்வார்னு நினைக்காதீங்க. போங்கன்னுதான் சொல்றேன். ஆனா அதை எந்தக் கணக்குத் தலைப்புல எழுதறீங்கங்கறதுல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது செலவு. "ஹெல்த்ல பண்ற இன்வெஸ்ட்மென்ட் ப்ரோ"ன்னு சொல்லி மனசைத் தேத்திக்காதீங்க. உடம்பு நல்லா இருக்கணும்னா 20,000 ரூபாய் சைக்கிளும் ஒரு மணி நேரமும் போதும். எட்டு மணி நேரம் கல்லுலயும் சேத்துலயும் மிதிக்கறது உடம்புக்காக இல்ல, ஆசைக்காக. ஆசைக்குச் செலவு பண்றது தப்பே இல்ல.

அமெரிக்காவோட கொலராடோல லெட்வில்னு ஒரு பழைய சுரங்க ஊர் இருக்கு. ஊரே கடல் மட்டத்துக்கு 10,000 அடிக்கு மேல. அங்க 1994ல இருந்து 100 மைல் மவுண்டன் பைக் ரேஸ் நடக்குது. 12 மணி நேரத்துக்குள்ள முடிச்சா ஒரு பெல்ட் பக்கிள் கொடுப்பாங்க. ஆபீஸ் போற சாதாரண ஆளுங்க அந்த பக்கிளுக்காக வருஷம் முழுக்க விடியக்காலைல எழுந்து மிதிக்கறாங்க. விலைன்னு பார்த்தா அது ஒரு உலோகத் துண்டு. அமெச்சூருக்குக் கிடைக்கற வருமானம் அவ்வளவுதான், அது தெரிஞ்சேதான் போறாங்க.

சரி, செலவுன்னு ஒத்துக்கிட்டா அதை அளக்கணும். ஒரு உதாரணம், இதுல உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. ஒரு லட்ச ரூபாய் பைக், நாலு வருஷம் கழிச்சு 40,000க்கு விக்கறீங்கன்னா வருஷத் தேய்மானம் 15,000. செயின், பிரேக் பேட், டயர், ஃபோர்க் சர்வீஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 15,000. ரேஸ் கட்டணம், ட்ரெயின், தங்கறது 35,000. பயிற்சிச் சாப்பாடு 7,000. மொத்தம் 72,000, அதாவது மாசம் 6,000. கையில 60,000 சம்பளம் வாங்கறவருக்கு அது 10%. எமர்ஜென்ஸி ஃபண்டும் எஸ்ஐபியும் போன பிறகு இந்த 6,000 நிக்குதா? அப்போ ஒரு ஆர்டி போட்டு சேருங்க. நிக்கலைன்னா இந்த வருஷம் கொல்லிமலையே போதும். இதுல லீவு சேரலை. பயணம், உயரத்துக்கு உடம்பு பழகறது, ரேஸ் எல்லாம் சேர்த்துப் பத்து நாள் ஆகும். லீவு கையிருப்பு இல்லாம சம்பளம் பிடிச்சா இன்னும் 20,000.

பைக் விலையை இதுக்கு மேல ஏத்தணுமான்னு கேட்டா, என் பதில் வேண்டாம். உங்க எடை 75 கிலோ, பைக் 14 கிலோன்னு வைங்க. இன்னொரு லட்சம் போட்டு பைக்ல 2 கிலோ குறைக்கறீங்க. மொத்த எடையில அது 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு மணி நேரம் பிடிக்கற செங்குத்து ஏற்றத்துல மிச்சமாகறது ஒன்றரை நிமிஷம்கூட இல்ல. அதே 2 கிலோவை இடுப்புல குறைச்சா இலவசம்! நோ காஸ்ட் இஎம்ஐன்னு கடைக்காரர் சொன்னாலும், வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் ஃபீஸும் உங்க தலையிலதான் விழும்.

சாப்பாட்டுல இதைவிடப் பெரிய ஓட்டை இருக்கு. நீண்ட நேரம் மிதிக்கறப்போ மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேணும். ஒரு எனர்ஜி ஜெல்லுல சுமார் 20-25 கிராம். அப்போ மணிக்கு மூணு. ஒண்ணு 100 ரூபாய்னு வெச்சா, அஞ்சு மணி நேர ஞாயிறு பயிற்சிக்கு 1,500. வருஷத்துல 40 ஞாயிறு, 60,000! ரேஸுக்கே அவ்வளவு ஆகலையே. அதே 300 கிராமை சர்க்கரை, உப்பு, எலுமிச்சை போட்ட தண்ணியா எடுத்தா 20 ரூபாய் தாண்டாது. கூட வாழைப்பழம், கடலைமிட்டாய். ரேஸ்ல ஜெல் சாப்பிடப் போறீங்கன்னா, வயிறு பழக நாலு வாரம் மட்டும் ஜெல்.

இப்போ முக்கியமான விஷயம், இன்ஷூரன்ஸ். கீழ விழுந்து காலர் எலும்பு உடையறது இந்த விளையாட்டுல சர்வ சாதாரணம். ஹெல்த் பாலிசிகளோட விலக்கு வாசகங்களை ஐஆர்டிஏஐ 2019ல ஒரே மாதிரியா ஆக்குச்சு. அதுல 09ம் எண் விலக்கு சாகச விளையாட்டு பத்தினது. மலையேற்றம், ராஃப்டிங், மோட்டார் ரேஸ்னு உதாரணம் அடுக்கி, "இவை மட்டும் அல்ல"ன்னும் சேர்த்திருக்காங்க. ஆனா அதுல ஒரு சொல் இருக்கு: புரொஃபஷனலா பங்கெடுத்து ஏற்படற சிகிச்சைச் செலவுதான் விலக்கு. பொழுதுபோக்கா போற உங்களை அந்த வாசகம் பிடிக்காது. கிளெய்ம் சமயத்துல இந்த ஒரு சொல்லோட விலை பல லட்சம்.

இதை வெச்சு எல்லா பாலிசியும் அப்படித்தான்னு நினைச்சிடாதீங்க. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி பலதுலயும், டிராவல் இன்ஷூரன்ஸ்லயும், எந்த வகை ரேஸா இருந்தாலும் கிடையாதுன்னு எழுதியிருப்பாங்க. அமெச்சூரா புரொஃபஷனலான்னு அங்க யாரும் பார்க்க மாட்டாங்க. டேர்ம் பிளான் விண்ணப்பத்துல சாகச விளையாட்டு உண்டான்னு கேட்டா, ஆமான்னு டிக் பண்ணுங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல. இன்ஷூரன்ஸ் சட்டம் 45வது பிரிவுப்படி மூணு வருஷம் தாண்டினா பாலிசியைக் கேள்வி கேட்க முடியாதுதான். அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா, மறைச்சதுக்கான பதிலை உங்க வீட்டு ஆளுங்கதான் தேடணும்.

இதனாலதான் ஸ்பான்சர் ஆசை எனக்குப் பிடிக்காது. இன்ஸ்டாவுல நாலு ரீல் போட்டதும் ஒரு கம்பெனி பைக்கோ டிரஸ்ஸோ அனுப்பறேன்னு சொல்லும். ப்ரமோட் பண்றதுக்குப் பதிலா வர்ற பொருள் வருஷத்துக்கு 20,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினா, 10% டிடிஎஸ் உண்டு, 2022 ஜூலைல இருந்து. பைக்கை நீங்களே வெச்சுக்கிட்டா அதோட மதிப்பு உங்க வருமானம். ரிட்டர்ன்ல அதைத் தொழில் வருமானமா காட்டிட்டு, அடுத்த மாசமே ஆஸ்பத்திரிப் படுக்கைல இருந்து "நான் வெறும் அமெச்சூர் சார்"னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட வாதாடணும். ஓசி ஜெர்சிக்காக இந்த வம்பு எதுக்கு?

பதிவுக் கட்டணம் கட்டறதுக்கு முன்னாடி ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. க்ரூப் பாலிசியோட முழு வாசகத்தையும் கேளுங்க, ரெண்டு பக்க சுருக்கம் பத்தாது. 09ம் எண் விலக்கைத் தேடிப் பிடிச்சு, புரொஃபஷனல்ங்கற சொல் அதுல இருக்கான்னு பாருங்க. அமெச்சூர் சைக்கிள் ரேஸ்ல அடிபட்டா கவர் ஆகுமான்னு எழுத்துல பதில் வாங்கி, அந்த மெயிலை வீட்ல ஒருத்தருக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு சிம்லாவுக்கு டிக்கெட் போடுங்க.