முன்கூட்டியே வெளியேறும் உரிமை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் பட்டம் பெறுமுன்பே என்.பி.ஏ. எனும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்வதைப் பேராசையாகக் கருதுவோர், பள்ளி முடித்து நான்காண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை எதிர்த்து ஸ்பென்சர் ஹேவுட் 1971இல் உச்ச நீதிமன்றம் வரை போராடிப் பெற்ற உரிமை அது என்பதை மறந்துவிடுகின்றனர். பள்ளியிலிருந்து நேரே வந்த கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் சாதித்த பின்னரும், 2005ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் 19 வயதையும் ஓராண்டு இடைவெளியையும் நிபந்தனையாக்கியது. அதை வீரர் நலன் என்று சொல்வது கடினம். அணிகள் புதியவர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் ‘டிராஃப்ட்’டின் முதல் சுற்றில் ஒப்பந்தமாகும் வீரருக்கு ஈராண்டு ஊதியம் உறுதி, இரண்டாம் சுற்றில் அவ்வுறுதி இல்லை. முழங்கால் தசைநார் கிழிந்தால் எதிர்காலமே குலையக்கூடிய விளையாட்டில், முதல் சுற்றுக்குரியவரைப் படிப்பின் பெயரால் நிறுத்திவைப்பது அநீதியே. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்காண்டும் ஆடி, 1997இல் முதல் வீரராகத் தேர்வான டிம் டங்கனின் நற்பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்து வருவாய் ஈட்டக் கல்லூரி வீரர்களுக்கு 2021இல் அனுமதி கிடைத்துவிட்டதால், இரண்டாம் சுற்றையே எதிர்நோக்குபவர் இன்னோர் ஆண்டு கல்லூரியில் தங்குவது இன்று வெறுங்கையோடு காத்திருப்பதாகாது.