கொச்சையென்று ஒதுக்கலாமா?

பல ஆண்டுகளுக்கு முன், பதுளையில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, "என் ஊர்" என்னும் கட்டுரையில், பசறைப் பக்கத்துத் தோட்டத்திலே தன் பாட்டி கொழுந்து பறிக்கையில் பாடும் பாட்டொன்றின் இரண்டடிகளை எழுதியிருந்தாள். யான் அவற்றைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "கொச்சை" என்று குறித்தேன். அவள் பின்னொருபோதும் அவ்வாறு எழுதவில்லை. பிழை அவளுடையதன்று, என்னுடையதே என்பது காலங்கடந்தே விளங்கிற்று.

சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை, கந்துகவரி, ஊசல்வரி ஆகியவற்றோடு வள்ளைப்பாட்டையும் அமைத்தார் இளங்கோவடிகள். உலக்கை பிடித்த மகளிர் பாட்டுக்குக் காப்பியத்தில் இடமுண்டு. கொழுந்து கிள்ளும் மகளிர் பாட்டுக்கு நம் வகுப்பறையில் இடமில்லையெனின், அது என்ன முறை?

ஆதலின், பாட்டின் சுவையறிந்தோர்க்கு ஒன்று பரிந்துரைப்பேன். பாலைத்திணையில் நெஞ்சுருகுவோர், மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்தோரின் பாட்டைக் கேட்க; அங்கே சுரமும் பிரிவும் புலவன் புனைவல்ல, பட்ட பாடு. கையறுநிலையில் தோய்ந்தோர் லயத்து வாசலில் எழும் ஒப்பாரிக்குச் செவி கொடுக்க. அங்கதம் நாடுவோர்க்குக் கங்காணியையும் துரையையும் எள்ளும் பாட்டுக்கள் உள. திரையிசைத் தாளத்தில் மயங்கும் இளைஞர், மாசியில் கம்பம் நட்டு ஆடும் காமன்கூத்துக்குச் செல்க. தப்பொலியினூடே இரதி புலம்புவதைக் கேட்டபின் பேசுவோம். நூல்வழி அறிய விழைவோர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்னும் நூலைத் தேடிப் படிக்க.

அமெரிக்காவிலும் மலைவாழ் ஏழைகளின் பாட்டைப் பட்டிக்காட்டுப் பாட்டென்று நகரத்தார் எள்ளியதுண்டு. 1927இல் பிரிஸ்டல் என்னும் ஊரில் அவற்றை இசைத்தட்டில் பதிந்தனர். கார்ட்டர் குடும்பத்தாரும், இருப்புப்பாதைத் தொழிலாளியாயிருந்த ஜிம்மி ரோட்ஜர்சும் அங்கே பாடியவர்களே. இன்று அப்பாட்டின் வழிவந்த இசையை உலகமே கேட்கிறது. பதிந்து வைத்ததால் அது பிழைத்தது.

நம் தோட்டங்களில் இப்பாட்டுக்களை முழுதும் அறிந்தோர் முதியோரே. இளையோர் பலர் பிழைப்புத் தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்றனர். ஆகவே மாணவர்காள், வரும் விடுமுறையில் உங்கள் பாட்டியரிடம் ஆளுக்கொரு பாட்டுக் கேட்டு எழுதி வாருங்கள். பாடியவர் பேரையும் தோட்டத்தையும் குறியுங்கள். ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். ஆசிரிய நண்பர்களே, அன்று மட்டுமேனும் சிவப்பு மையை மூடி வையுங்கள்.

அம்மாணவி எழுதிய இரண்டடிகளை நினைவுகூரப் பலமுறை முயன்றேன். அடித்த கோடுதான் நினைவில் நிற்கிறது.