நடுவில் ஒரு கொட்டகை

தடைக்காலம் வந்தால் மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு ஓய்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வலை கட்டுகிறவர்கள் வலை கட்டுவார்கள், இன்ஜினைப் பிரிக்கிறவர்கள் பிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த நண்டு வியாபாரி ஒருவர் இந்த முறை கணினியில் கை வைத்துவிட்டார்.

“அண்ணே, டிஸ்க்க 20 ஜிபியில இருந்து 40 ஆக்கிட்டேன். இன்னமும் நெறஞ்சு போச்சுன்னே சொல்லுது.”

அவருடைய கொள்முதல் கணக்கு ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓடுகிறது. கடையில் இருப்பது விண்டோஸ் கணினி, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் டெபியன் லினக்ஸ். உள்ளே இருக்கும் கணினியின் ஹார்ட் டிஸ்க் என்பது வெளிக் கணினியில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல்தான். அதன் அளவைக் கூட்ட ஒரு பட்டையை இழுத்துவிட்டால் போதும். தம்பி இழுத்துவிட்டார். வேலை முடிந்தது என்றும் நினைத்துவிட்டார்.

அவருடைய தாய்மாமா வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். அதனால் எனக்குச் சொல்ல வசதியாகப் போயிற்று. “பக்கத்து நெலத்த வாங்கிட்டா உப்பு வந்துருமா தம்பி? வரப்ப வெட்டித் தள்ளிப் போடணும். தரையத் தட்டிச் சமன் பண்ணணும். அப்பறம்தான தண்ணி பாயும்?” நிலம் என்பது டிஸ்க். வரப்பு என்பது பார்ட்டிஷன். தண்ணீர் நிற்கத் தோதாகச் சமன் செய்த தரைதான் ஃபைல் சிஸ்டம். அவர் வாங்கியது நிலம் மட்டும்.

‘எல்எஸ்பிஎல்கே’ என்று அடித்துப் படம் அனுப்பச் சொன்னேன். வந்தது. மொத்த டிஸ்க் 40 ஜி. எஸ்டிஏ1 என்ற முதல் பார்ட்டிஷன், அதாவது ரூட், 19 ஜி. அதை ஒட்டியே எஸ்டிஏ2, அதற்குள் எஸ்டிஏ5 என்று ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்வாப். புதிதாக வந்த 20 ஜிபி அதற்கும் அப்பால் பொட்டலாகக் கிடக்கிறது.

ஸ்வாப் என்பது வரப்போரத்துக் கொட்டகை. மெமரி பற்றாதபோது கையில் இருப்பதை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவைக்கும். கணினியை ஹைபர்னேட் என்ற ஆழ்ந்த உறக்கத்தில் போட்டால் மெமரியில் இருந்ததெல்லாம் அங்கேதான் போய்ப் படுக்கும். பழைய முறையில் டெபியனை நிறுவியவர்கள் பலருக்கும் இந்தக் கொட்டகை சரியாக வழியிலேயே நிற்கும். பார்ட்டிஷன் தன்னை ஒட்டிய காலி இடத்துக்குள்தான் நீளும். நடுவில் இருப்பதைத் தாண்டிக் குதிக்காது. எல்விஎம் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. எங்கே காலி இடம் இருந்தாலும் அது சேர்த்துக்கொள்ளும். நிறுவும்போது ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய விஷயம், யார் யோசிக்கிறோம்?

“பேசாம பாம்பன் பாலம் மாதிரி பக்கத்துலயே ஒண்ணு கட்டிரலாமாண்ணே?” என்றார். தப்பான யோசனை இல்லை. 1914-இல் திறந்த பாலத்தை நீட்டி நிமிர்த்திக்கொண்டிராமல் பக்கத்திலேயே புதிதாகக் கட்டி 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். இரண்டாவது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து டேட்டாபேஸை அங்கே குடிவைக்கலாம்தான். ஆனால் இங்கே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது ரூட் பார்ட்டிஷனுக்கே.

முதலில் மெஷினை அணைத்து, டிஸ்க் ஃபைலை அப்படியே வேறு டிரைவில் நகல் எடுக்கச் சொன்னேன். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பிறகு பழைய லாக்குகளைக் கழித்தோம். காரணம் இருக்கிறது. பார்ட்டிஷனை நீட்டும் ‘க்ரோபார்ட்’ கருவியை நிறுவவே இடம் வேண்டும். ஓடும்போதும் அது தற்காலிக ஃபைல் எழுதும். இடம் இல்லையென்றால் இடத்தைப் பெருக்க மாட்டேன் என்று கையை விரித்துவிடும்.

அடுத்து ஸ்வாப்பை நிறுத்தி, எஸ்டிஏ5, எஸ்டிஏ2 இரண்டையும் அழித்தோம். க்ரோபார்ட் எஸ்டிஏ1-ஐக் கடைசி வரை நீட்டியது. தொடக்கக் கல்லை அது அசைக்காது, முடிவுக் கல்லைத்தான் நகர்த்தும். தொடக்கம் ஒரு செக்டர் பிசகினாலும் உள்ளே இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு ‘ரீசைஸ்2எஃப்எஸ்’. இஎக்ஸ்டி4 என்பதால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரை விரிந்தது. சுருக்குவதென்றால் அன்மவுண்ட் செய்தாக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் போட்டவர்கள் அந்த ஆசையையே விட்டுவிடலாம்.

ஸ்வாப்பை இந்த முறை ரூட்டுக்குள்ளேயே ஒரு ஃபைலாக வைத்தோம். எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று குறித்துவைக்கும் எஃப்எஸ்டேபில் பழைய ஸ்வாப் வரியை எடுத்துப் புதியதை எழுதினேன். ரீபூட் போடச் சொன்னேன்.

கறுப்புத் திரை. வீடியோ காலில் அவர் முகத்தில் வியர்வை. அரை நிமிடம் போல அப்படியே நின்றது. பிறகு ஒரு வழியாக ஏறியது. பூட் ஆகும்போது உறக்கத்திலிருந்து எழுப்ப ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் ‘ரெஸ்யூம்’ வரியில் பழைய ஸ்வாப்பின் அடையாள எண் அப்படியே இருந்திருக்கிறது. திருத்த மறந்தவன் நான்தான். அசடு வழிய அதை அவருக்கு விளக்கினேன்.

“அப்ப, இடிச்ச கொட்டகையத்தான் இவ்வளவு நேரம் தேடிக்கிட்டு நின்னுச்சாண்ணே?” என்றார்.