புதுசா ஏர் பிடிக்கிறவனுக்குப் பொறுத்துப்போற நெல்லைக் கொடு!



ஊருக்கு நாலு பேர் இப்ப புதுசா வயலுக்கு வந்திருக்காங்க. 2020 கொரோனாவுல திருப்பூர், சென்னைன்னு போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து, அப்பன் விட்ட முக்கால் ஏக்கர், ஒரு ஏக்கர்ல இறங்கின கதை நம் எல்லோருக்கும் தெரியும். என் தங்கச்சி மகனும் அதில் ஒருத்தன். பனியன் கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவன். ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை, அனுபவம்தான் இல்லை.

முதல் வருஷம் அவன் கைக்குக் கிடைத்தது பாபட்லா 5204. நல்ல அரிசி, நல்ல விலை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் குலை நோய்க்கு அது பச்சைக் குழந்தை மாதிரி. பக்கத்துக்காரனைப் பார்த்து இவனும் யூரியாவை அள்ளிப் போட்டான். மார்கழிப் பனியில் நோய் விழுந்தது, மருந்து அடிக்க நாலு நாள் தாமதம். கதிர் வெள்ளையாய் நின்றது. நகையை அடகு வைத்துப் போட்ட முதல் அப்படியே போச்சு. பையன் மறுபடி திருப்பூருக்கே பஸ் ஏறப் பார்த்தான்.

தப்பு அவனுடையதுதான். ஆனால் தப்பு செய்யாமல் எவன் விவசாயம் படித்தான்? நாம படித்த காலத்தில் வயலில் நின்ற நெல் நம்ம தப்பைப் பொறுத்துக்கொண்டது. இன்றைக்கு உள்ள நெல்லில் பாதி பொறுப்பதில்லை.

அடுத்த ஆவணியில் நான் மாப்பிள்ளைச் சம்பா கொடுத்தேன். வாய்க்கால் தண்ணி வர தாமதம், நாற்றுக்கு நாற்பது நாள் ஆகிவிட்டது. மாசத்துக்கு ஒரு வாரம் என்பது நாற்று வயசுக்குப் பழைய கணக்கு. மூணு மாச நெல்லை இருபத்தஞ்சு நாளைக்குள் நட்டாகணும், தாண்டினால் தூர் கட்டாது. மாப்பிள்ளைச் சம்பாவோ அஞ்சு மாசத்துக்கு மேல் இருக்கிற பயிர், நாற்பது நாள் நாற்றையும் தாங்கும். ஆள் உயரம் வளர்வதால் களை அதன் நிழலில் அடங்குது, முழங்கால் தண்ணி நாலு நாள் நின்றாலும் முழுகுவதில்லை. யூரியாவை மட்டும் கிட்ட கொண்டுபோகாதேன்னு சொன்னேன், போட்டால் சாய்ந்துவிடும். அந்தத் தை மாசம் அவன் வீட்டுக்கு நெல் வந்தது. மாட்டுக்கு நீள வைக்கோலும் வந்தது.

பள்ளக்காலுக்குக் காட்டுயானம், உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், களர்பாலை. கடலோரத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறின வயலில் இந்த மாதிரி நெல்லைத்தான் தேடிப் போட்டார்கள். இதையெல்லாம் விஞ்ஞானத்துக்கு எதிரான பேச்சு என்று சில அதிகாரிகள் சொல்லக்கூடும். ரெண்டு வாரம் தண்ணிக்குள் கிடந்தாலும் பிழைக்குதே சுவர்ணா சப் 1, சி.ஆர். 1009 சப் 1, அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? ஒடிசா விவசாயியின் பழைய நெல்லில் இருந்து. சப் 1 ரகமானாலும் எங்களுக்குச் சம்மதம்தான். தாங்குற நெல்லா என்பதுதான் கேள்வி.

விளைச்சல் குறைவு என்பது உண்மை. எங்கள் வயலில் ஏக்கருக்கு ஏழெட்டு மூட்டை குறைந்தது. செலவும் பாதியாய்க் குறைந்தது. கைதேர்ந்தவன் கூடுதல் விளைச்சலுக்குப் போகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. புதியவனுக்கு முதல் மூணு வருஷம் கடன்படாமல் நிற்பதே பெரிய விளைச்சல்.

விற்கும் இடத்தில்தான் நம்மைக் கட்டிப்போடுறாங்க. கொள்முதல் நிலையத்தில் இருப்பது ரெண்டே விலை. 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகை சேர்த்து பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். சிவப்பரிசி நெல்லுக்கென்று தனி விலை இல்லை. டவுன் கடையில் அதே அரிசியை என்ன விலை போட்டு விற்கிறான் என்று போய்ப் பாருங்கள். பத்து மூட்டையைத் தனியாக அரைத்துக் கொடுக்க எங்கள் பக்கம் ஒரு சின்ன மில் இல்லை.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தினார். ரெண்டு கிலோ விதை வாங்கினவன் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரணும், அவ்வளவுதான் கணக்கு. 150-க்கு மேற்பட்ட ரகங்களை அப்படித்தான் காப்பாற்றினார். 2018-ல் அவர் மறைந்த பிறகு, 2021-ல் அவர் பேரில் அரசே இயக்கம் அறிவித்தது, பாராட்டுகிறோம். ஆனால் எங்கள் டெப்போவுக்கு அந்த விதை வந்தது புரட்டாசி பாதியில்! அஞ்சு மாச நெல்லைப் புரட்டாசியில் வாங்கி எவன் நாற்று விடுவது?

ஆடி பதினெட்டுக்குள் பாரம்பரிய விதை டெப்போவில் இருக்க வேண்டும். முதல் மூணு வருஷ விவசாயிக்கு அதை இலவசமாகக் கொடு, நெல்லாகத் திருப்பி வாங்கிக்கொள். சிவப்பரிசி நெல்லுக்குத் தனி விலை அறிவி. ஒன்றியத்துக்கு ஒரு சின்ன அரவை மில் வை.

அரசு தரும்வரை நாமும் கை கட்டி நிற்க வேண்டாம். விதையைச் சேமிக்கவும், மாற்றவும், விற்கவும் 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 39, நமக்கு உரிமை தந்திருக்கிறது. பதிவு செய்த ரகத்தை பிராண்டு ஒட்டி விற்கக்கூடாது என்பதுதான் தடை.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேளாண்மை அலுவலகம் முன்பு கூடுவோம். வரும்போது ஆளுக்கு ஒரு படி விதைநெல், பேர் எழுதின துணிப்பையில் கட்டி எடுத்துக்கிட்டு வாங்க. புதுசா ஏர் பிடிச்ச பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. மனு கொடுத்த கையோடு, அதே வாசலில் வைத்து அவங்க கையில் விதையைக் கொடுப்போம்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்