வேகம் குறைந்தவன் குற்றவாளியா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்தபின் ஓசூரில் எங்கள் பங்கு மன்றத்துத் திண்ணையில் ஐந்தாறு சிறுவர்கள் கடும் வாதத்தில் ஈடுபட்டிருந்தனர். நேருக்கு நேர் மோதினால் ஃபிளாஷ் வெல்வானா, ஸ்பைடர்மேன் வெல்வானா என்பதே வாதப்பொருள். ஃபிளாஷ் மின்னலாய் ஓடுபவன் என்றான் ஒருவன். ஓடினால் என்ன, அடி விழுமுன்பே ஸ்பைடர்மேனின் புலனுக்கு அது தெரிந்துவிடும், விலகிவிடுவான் என்றான் மற்றவன். அருகே படியில் அமர்ந்திருந்த இளைஞர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிறு தொழிற்கூடம் ஒன்றில் பவர் பிரஸ் இயக்கியவர். அவருடைய வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. "அண்ணா, நீங்க சொல்லுங்க, யாருக்கு வேகம் ஜாஸ்தி?" என்று சிறுவர்கள் அவரிடம் தீர்ப்புக் கேட்டனர். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு வேகம் பத்தலைன்னுதான்டா எங்க சூப்பர்வைசர் சொன்னாரு" என்றார்.

சிறுவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு நேர்ந்த விபத்துக்குப் பின் அந்தத் தொழிற்கூடத்தார் எழுதிவைத்த காரணம் எனக்குத் தெரியும். தொழிலாளி கையை உரிய நேரத்தில் எடுக்கத் தவறினார் என்பதே அது. ஒரு மனிதனுடைய இரண்டு விரல்கள் ஒரே வரியில் அவனுடைய குற்றமாகிவிட்டன.

படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று புலம்புவதற்காக நான் பேனா எடுக்கவில்லை. நானும் படக்கதை படித்து வளர்ந்தவன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் பயணத்தைத் தொடங்கியபோது நம் வீடுகளுக்குள் வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் பிறந்த அந்த நாயகனைத் தமிழ்ச் சிறுவர்கள் தங்கள் தெருக்காரராகவே ஏற்றுக்கொண்டார்கள். அந்த இன்பத்தை எவரிடமிருந்தும் பறிக்க நான் விரும்பவில்லை. என் வழக்கு வேறு. படக்கதை தன்னைக் கற்பனை என்று ஒப்புக்கொள்கிறது. நம் தொழிற்கூடங்கள் பலவற்றில் அதே கற்பனை உற்பத்தி முறையாக நடக்கிறது. அதை எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

அதிவீரனின் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நோக்குவோம். அது அவனுடைய கால்களிலிருந்தோ நரம்புகளிலிருந்தோ வருவதன்று. ஓவியர் அவனுக்குக் கொடுக்கும் கட்டங்களிலிருந்து வருகிறது. குண்டு துப்பாக்கியை விட்டுப் புறப்படுவது ஒரு கட்டம். நாயகன் அதைக் காண்பது அடுத்த கட்டம். விலகுவது மூன்றாவது கட்டம். இரு கட்டங்களுக்கு இடையே உள்ள வெண்ணிற இடைவெளியில் காலம் அவனுக்காகக் காத்து நிற்கிறது. ஒரு மாடியிலிருந்து மறு மாடிக்குத் தாவ ஒரு நொடி ஆகலாம். அந்த ஒரு நொடிக்குள் பதினைந்து சொற்களில் எதிரிக்கு எச்சரிக்கையும் விடுத்துவிடுகிறான் நாயகன்! லயன் காமிக்ஸ் வழியே தமிழுக்கு வந்த லக்கி லூக், தன் நிழலையே முந்திச் சுடுபவர் என்று பெயர் பெற்றவர். அவரைப் படைத்த பெல்ஜிய ஓவியர் மோரிஸ் அதை நகைச்சுவையாகவே படைத்தார். படிப்பவரும் நகைச்சுவையாகவே கொள்கிறார். ஓவியருக்கும் வாசகருக்கும் இடையே அங்கே வஞ்சனை இல்லை.

மெய்யான உடலுக்கு அத்தகைய வெண்ணிற இடைவெளி கிடையாது. நரம்பில் செய்தி ஓடும் வேகம் அளக்க முடியாதது என்று அறிஞர் பலர் நம்பியிருந்த காலத்தில், 1850ஆம் ஆண்டு, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து காட்டினார். நொடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர்! கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் விரையும் கார்களின் வேகம் அது, மின்னலின் வேகமன்று. மனித நரம்புகள் இதைவிட விரைந்தவை என்றாலும், கண் ஒன்றைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை அசையத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்த 0.1 நொடிக்குள் ஒருவர் புறப்பட்டால், அவர் ஒலியைக் கேட்டுப் புறப்படவில்லை, முந்திக்கொண்டார் என்றே பன்னாட்டுத் தடகள விதி கொள்கிறது. உலகின் மிக விரைந்த மனிதர்களுக்கே எல்லை அது.

சுடுசட்டியில் விரல் பட்டவுடன் கை தானே பின்வாங்குகிறதே என்று கேட்கலாம். அந்த அனிச்சைச் செயல் மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தண்டுவடத்தின் வழியாகவே நடப்பதால் விரைவானதுதான். ஆனால் அது தொடங்குவது விரல் பட்ட பிறகே. சட்டியில் பட்டால் கொப்புளத்தோடு போகும். அச்சு இறங்கிப் பட்ட பிறகு எடுப்பதற்கு விரல் ஏது?

இனி அந்த இளைஞர் அமர்ந்திருந்த இருக்கைக்கு வருவோம். நிமிடத்துக்கு 60 முறை இறங்கி ஏறும் பவர் பிரஸ் என்று கொள்ளுங்கள். மேலிருந்து கீழே வர அரை நொடி. தகடு சற்றே சாய்ந்திருப்பதைக் கண்டு அதைச் சரிசெய்ய அவர் கை உள்ளே போகிறது. அச்சு பாதிவழி இறங்கிவிட்டதை அவர் காணும்போது எஞ்சியிருப்பது கால் நொடி. காண்பதற்கும் உணர்வதற்கும் 0.2 நொடி போய்விடுகிறது. மீதமுள்ள 0.05 நொடியில் கை வெளியே வர வேண்டும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இழுத்தாலும் அதற்குள் கடக்கக்கூடியது பத்துச் சென்டிமீட்டர்தான்! பழைய வகைச் சாவிக் கிளட்ச் பொருத்திய பிரஸ்ஸோ, காலால் மிதியை ஒருமுறை அழுத்திவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியும்வரை எவர் தடுத்தாலும் நில்லாது.

ஃபிளாஷ் ஒரு பக்கத்தில் ஒருமுறை வென்றால் போதும். இந்தத் தொழிலாளி நிமிடத்துக்குப் பத்துத் தகடு வீதம் எட்டு மணி நேரத்தில் 4,800 முறை வெல்ல வேண்டும். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம் முறை. அதில் ஒரே ஒருமுறை அவர் கண்ணயர்ந்தால், வீட்டில் நோயுற்ற தாயை ஒரு கணம் நினைத்தால், ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிடுகிறோம். எந்தப் படக்கதை ஆசிரியரும் தன் நாயகனிடம் இவ்வளவு கேட்டதில்லை.

இதை நன்கு உணர்ந்தவர்கள் பொறியாளர்கள். இயந்திரப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலை, மனிதக் கை ஆபத்தை நோக்கி நொடிக்கு 1.6 முதல் 2 மீட்டர் வேகத்தில் நகரும் என்று கொண்டே கணக்குப் போடுகிறது. ஓர் இயந்திரம் நிற்க 0.2 நொடி ஆகுமெனில், கை நுழைவதை உணர்ந்து அதை நிறுத்தும் ஒளித்திரையைக் குறைந்தது 40 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இடையில் நிறுத்த முடியாத பிரஸ்ஸுக்கு, கையே நுழைய இயலாத நிலைத்த வேலி வேண்டும். வேறிடங்களில் இரண்டு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என்று அமைக்கலாம். இவற்றுள் எதுவுமே தொழிலாளியின் வேகத்தை நம்பி வைக்கப்பட்டதன்று. சட்டத்தின் நோக்கும் அதுவே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்தான பகுதிகளுக்கு உறுதியான வேலி இடு என்றது. இயந்திரம் ஓடும்போது அவ்வேலி அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றது. வேகமான ஆளைத் தேடி அமர்த்து என்று சொல்லவில்லை. இன்று அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஏடு மாறினாலும் மனித நரம்பு மாறவில்லை.

நம்மவர்கள் இதற்கு இரண்டு மறுமொழி வைத்திருக்கிறார்கள். வேலியைக் கழற்றுபவனே தொழிலாளிதான் என்பது முதலாவது. உண்மைதான்; பொத்தான்களுள் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு ஒற்றைக் கையால் வேலை செய்பவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் எதற்காகக் கட்டுகிறார்கள்? வேலியோடு எட்ட முடியாத எண்ணிக்கையை அன்றைய இலக்காக வைத்தது யார்? கட்டிய கயிற்றைத் தினமும் கடந்து போன மேற்பார்வையாளரின் கண்ணுக்கு அது விபத்து நடந்த மறுநாள் மட்டும் தெரிந்தது எப்படி?

இரண்டாவது, சிறு முதலாளியின் முறையீடு. பெரிய ஆலை உதிரிப்பாகத்துக்குப் பைசாக் கணக்கில் விலை பேசுகிறது. வேலிக்கும் ஒளித்திரைக்கும் நான் எங்கே போவேன் என்கிறார். அவருடைய நெருக்கடியை நான் பொய் என்று சொல்லேன். ஆனால் அந்த நெருக்கடியை அவர் தீர்த்துக்கொள்வது வேறொருவருடைய விரல்களைக் கொண்டு. பெரிய ஆலைக்கும் இதில் பங்கு உண்டு. ஹரியானாவின் மானேசர் வட்டாரத்தில் இயங்கும் ‘சேஃப் இன் இந்தியா’ என்னும் அமைப்பு, வாகன உதிரிப்பாகத் தொழிலில் கை நசுங்கியோரைப் பற்றி 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அங்கும் முதற் குற்றவாளியாக நிற்பது பவர் பிரஸ்தான். அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உதிரிப்பாகங்களால் வாழும் நாம், அது வடநாட்டுச் செய்தி என்று தாளைப் புரட்டிவிட முடியாது.

படக்கதை உலகில் விபத்து ஒரு வரம். ஆய்வுக்கூடத்தில் மின்னல் தாக்கியதால் 1956இன் ஃபிளாஷுக்கு வேகம் வந்தது. சிலந்தி கடித்ததால் ஸ்பைடர்மேன் பிறந்தான். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்த மாயாவிக்கு இரும்புக் கை கிடைத்தது. மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடல் முழுதும் மறைந்துபோகும் ஆற்றலும் வாய்த்தது. நம் ஊரில் கணக்கு வேறு. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் உழைக்கும் திறனில் நூற்றுக்கு 20 போயிற்று என்று வகுத்திருந்தது. மாயாவியைப் போல நம் இளைஞரும் மறைந்துதான் போனார். அதற்கு மின்சாரமும் தேவைப்படவில்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் போயிற்று. அவருடைய இருக்கையில் ஒடிசாவிலிருந்து வந்த வேறொரு தம்பி அமர்ந்திருக்கிறார். வேலியோ இன்னும் வரவில்லை.

1980களிலிருந்து கைக்கடிகாரம் செய்துவரும் ஊர் இது. நொடியின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் உங்களுள் மேற்பார்வையாளர்கள் உண்டு, ஒப்பந்தக்காரர்கள் உண்டு, பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துவோரும் சங்கப் பொறுப்பாளர்களும் உண்டு. மார்ச் 4ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாளன்று ‘கவனமே காவல்’ என்று எழுதிய பதாகையின் கீழ் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டவர்களும் இருக்கக்கூடும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. திங்கட்கிழமை காலை முதல் சுற்று தொடங்குமுன் ஒரு பிரஸ்ஸின் முன்னே போய் நில்லுங்கள். வேலி இருக்கிறதா, பொத்தான் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வேலியை இட்டபின் அதை ஓட்டுங்கள். அதுவரை உற்பத்தி குறைந்தால் குறையட்டும்.

சிறுவர்களின் வாதம் அன்று முடிவுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் தொடரும். தொடரட்டும், வேகத்தை வியந்து மகிழ வேண்டிய வயது அவர்களுடையது. ஆனால் அவர்களுள் எவனாவது நாளை பிரஸ்ஸின் முன்னே அமர நேர்ந்தால், அவனிடம் அந்த வேகத்தை நாம் கேட்கக் கூடாது.